கைக்குள் இருந்த பிரேக்

காலை ஆறு ஐம்பத்திரண்டு. முதலில் தெரிந்தது என் கைக்கடிகாரம். கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மணலில், தலைகீழாகக் கிடந்தது. அதைக் கட்டியிருந்த இடது கையும் அங்கேதான் கிடந்தது. மணிக்கட்டுக்கு மேலே, கவிழ்த்து வைத்த கரண்டியைப் போல, அதுவரை இல்லாத ஒரு வளைவு இருந்தது.

கைக்கு அப்பால் நான்கு குளம்புகள். அவை அசையவில்லை. என்னைச் சுமந்துகொண்டு தலைதெறிக்க ஓடிய குதிரை, நான் விழுந்ததும் நின்றுவிட்டிருந்தது. இந்த விவரத்தை அன்றே கவனித்தேன். அதற்கு என்ன பொருள் என்று புரிய ஐந்து மாதங்கள் ஆயின.

இதைப் படிப்பவர்களில் குதிரையிலிருந்து விழுந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். குளியலறையில் வழுக்கியவர்கள், பஸ் படியில் கால் தவறியவர்கள், ஸ்கூட்டரோடு சாய்ந்தவர்கள் இருப்பீர்கள். எக்ஸ்ரேயில் எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் மாடிப்படியின் மேல்முனையில் நின்றுகொண்டு கீழே பார்ப்பவர்கள் இருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதியது.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவுப் பணி. மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பது என் வேலை. நாற்பத்தெட்டு வயதில் பகல் பணிக்கு மாற்றினார்கள். காலை நேரம் கையில் கிடைத்தது. அடையாற்றின் கரையோரம் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தார்கள். சேர்ந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் சொன்னேன். ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை.

எனக்குக் கொடுத்த குதிரையின் பெயர் பாபு. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரை. பயிற்சியாளர் யூசுஃப் மாஸ்டர் முன்பு பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். பாபுவைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி: "சாது மேடம். கொழந்த மாதிரி."

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"டூவீலரா, ஆட்டோவா?"

"குதிரை."

அவர் நிமிர்ந்து என் கணவர் சேகரைப் பார்த்தார். தலையில் அடிபட்டதால் உளறுகிறேனோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. குதிரைதான் என்று சேகர் தலையாட்டினார்.

"மெரினாலயா மேடம்? அந்த ரவுண்டு கூட்டிட்டுப் போவாங்களே?"

"இல்ல. கிளாஸ்ல."

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

பக்கத்தில் ஊசி எடுத்துவைத்துக்கொண்டிருந்த நர்ஸ், "குதிரையில போனாக்கூடவா ஹெல்மெட்டு?" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோதுதான் முதுகும் போயிருக்கிறது என்று தெரிந்தது.

இடது கையில் ரேடியஸ் எலும்பு முறிவு (முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைவது). முதுகில் கம்ப்ரஷன் ஃப்ராக்சர் (முதுகெலும்புத் தண்டின் கட்டைகளில் ஒன்று, மேலிருந்து வந்த அழுத்தத்தில் நசுங்குவது). கைக்குத் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகுக்கு அறுவை தேவைப்படவில்லை. பிரேஸ் (மார்பிலிருந்து இடுப்புவரை உடலை வளையாமல் பிடிக்கும் உறை) போட்டுவிட்டார்கள். சென்னையின் மே மாதத்தில் அதை அணிந்து படுத்திருப்பது எப்படி என்று விவரிக்கப் போவதில்லை. அணிந்தவர்களுக்குத் தெரியும்.

மயிலாப்பூரில், நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அறிவுரைதான் சொன்னார்கள். மேல் வீட்டு அலமேலு மாமி ரசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏண்டிம்மா வசந்தி, ஆத்துல ஸ்கூட்டர் இருக்கறச்சே நோக்கு குதிரை எதுக்கு? உற்சவத்துல ஸ்வாமி குதிரை வாகனத்துல வரார். அதைப் பார்த்துண்டு சும்மா இருக்கப்படாதோ?"

"ஸ்வாமி விழல மாமி. கட்டியிருக்காங்க," என்றார் சேகர்.

மாமி சிரிக்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

கோடை முடிந்தபோது எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாக மேஜையில் வைத்தார்.

"சூப்பரா கூடிடுச்சு. பிரேஸ் வேண்டாம். நார்மலா இருங்க."

"படியில இறங்க முடியல டாக்டர்."

"வலிக்குதா?"

"வலி இல்ல. கால் வரமாட்டேங்குது."

"அது எலும்பு இல்லம்மா. கான்ஃபிடன்ஸ். தானா வந்துடும்."

"எப்ப வரும்?"

அவர் மணியடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். எலும்புக்கு நாள் குறித்துக் கொடுத்தவர், இதற்குக் குறித்துக் கொடுக்கவில்லை. அதன் பிறகு 'கான்ஃபிடன்ஸ் தானா வந்துடும்' என்று சொல்லாதவர் இல்லை. பஸ் மந்தைவெளி டெப்போவிலிருந்து கிளம்பிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறது என்பதுபோல எல்லோரும் சொன்னார்கள்.

வரவில்லை. வேறொன்று வந்தது. படியில் தொடங்கிய பயம் தெருவுக்கு வந்தது. ஸ்கூட்டரைத் தொடவில்லை. ஆட்டோ திரும்பினால் கம்பியைப் பிடித்த கை வெளுத்தது. கச்சேரி சாலையைக் குறுக்கே கடக்க, முன்பின் தெரியாத பெண்களின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அலுவலகத்துக்குச் சேகர் காரில் கொண்டுபோய் விட்டார். திரும்ப வந்து கூட்டிப்போனார். அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் தனியாக ஸ்கூட்டர் ஓட்டியவள், எங்கே போகவேண்டுமானாலும் அவருக்கு இன்று மீட்டிங் இருக்கிறதா என்று கேட்கவேண்டி வந்தது.

ஒரு சனிக்கிழமை, யாரிடமும் கேட்காமல், தி. நகருக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். ரங்கநாதன் தெருவின் நடுவில் ஒரு கடையில் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்க வேண்டும். மாம்பலம் ரயில் நிலையப் பக்கத்திலிருந்து நுழைந்தேன். பத்துக் கடை தாண்டியிருப்பேன். பின்னாலிருந்து ஒரு பை இடித்தது. சாதாரண இடி. உடம்பு முழுக்க இறுகிவிட்டது. ஒரு கடையின் மடக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் என்னை இடித்து இடித்து இரண்டாகப் பிரிந்து போனது.

ஹேர்பின் விற்றுக்கொண்டிருந்த பெண் சொன்னார்: "யக்கா, ஒண்ணு உள்ள வா, இல்ல முன்ன போ. வழில நின்னுக்கினு இருந்தா இடிக்கத்தான் செய்வாங்க."

அவர் சொன்னது சரி. இரண்டும் என்னால் முடியவில்லை. சேகர் வந்துதான் அழைத்துப் போனார். ரவிக்கை கடையிலேயே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்: "நான் பாபு மேல திரும்ப ஏறணும்."

சேகர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "ரங்கநாதன் தெருவுல நடக்க முடியல. குதிரையில ஏறப்போறியா?"

"அங்கதான் ஆரம்பிச்சது. அங்க போகாம வேற எங்க போனாலும் இதுதான் நடக்கும்."

இது மருத்துவம் சொன்ன வழியல்ல. ஆனால், செய்தியில் ஒரு வரி இடறினால் அதற்கு முந்தைய வரியைப் போய்ப் பார்ப்பது என் தொழில் பழக்கம். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் திவ்யா இருபத்தாறு வயதுப் பெண். என் மணிக்கட்டுக்கு உயிர் கொடுத்தவர். முதலில் பஞ்சு உருண்டை, பிறகு ரப்பர் பந்து, பிறகு ஸ்பிரிங் வைத்த பிடி. "நல்லா இறுக்குங்க மேம், இன்னும், இன்னும்" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும். குதிரையைப் பற்றிச் சொன்னதும் என் கையை மடக்கிப் பார்த்து, முதுகைத் தட்டிப் பார்த்து, மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, குதிரை நடக்கும் வேகத்தில் மட்டும் போகலாம் என்றார்.

முதல் முயற்சி தோல்வி. அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. யூசுஃப் மாஸ்டர் ஒரு மட்டக்குதிரையைக் கொண்டுவந்தார். நான் பாபுதான் வேண்டும் என்றேன். பாபுவும் வந்தது. என்னை மோந்து பார்த்தது. அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) இடது காலை வைத்தேன். தையல் மெஷின் ஊசியைப் போலக் கால் ஆடியது. எவ்வளவு சொல்லியும் நிற்கவில்லை. காலை எடுத்துக்கொண்டேன். காரில் திரும்பினோம். அடையாறு பாலத்தின் மேல் சேகர், "ட்ரை பண்ணிட்ட. இதோட போதும்னு வச்சுக்கலாமே," என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். போதும் என்று வைத்துக்கொண்டால் எதெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முதலில் குதிரை, பிறகு ஸ்கூட்டர், பிறகு தெரு.

அதற்கடுத்த வாரம் வீடியோ வந்தது. என்னோடு வகுப்பில் இருந்த பெண்ணின் கணவர், அன்று தன் மனைவியைப் படமெடுத்திருக்கிறார். பின்னணியில், ஒரு ஓரத்தில், நான் விழுவதும் பதிவாகியிருந்தது. என்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று இத்தனை மாதம் அனுப்பாமல் வைத்திருந்தாராம். அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன்.

முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்பதுபோல, துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்தேன்.

குதிரை மிரண்டு ஓடியது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். வீடியோவில் அது மிரளவில்லை. நடையிலிருந்து டிராட்டுக்கு (துள்ளல் போன்ற சிறு ஓட்டம்) மாறுகிறது. நான் சற்று முன்னால் சாய்கிறேன். கடிவாள வார்களைப் பிடித்த இரண்டு கைகளும் நெஞ்சை நோக்கி வருகின்றன. குதிரை கால்களை நீட்டிப் போடுகிறது. கைகள் இன்னும் இறுகுகின்றன. குதிரை இன்னும் வேகமெடுக்கிறது. பின்னணியில் நாலைந்து குரல்கள்: "புடி! புடி! புடி!" நான் பிடிக்கிறேன். வேலியின் திருப்பத்தில் குதிரை திரும்புகிறது. நான் திரும்பவில்லை. வார் கையைவிட்டுப் போகிறது. போன நொடியிலேயே குதிரையின் வேகம் குறைகிறது. நிற்கிறது.

என் விரல்களை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு கையிலும் நான்கு விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து மடங்கியிருந்தன. எனக்கு நன்றாகத் தெரிந்த மடிப்பு அது. ஸ்கூட்டரின் இரண்டு பிரேக்கையும் ஒரேசமயத்தில் பிடிக்கும் கை.

மறுநாள் காலை யூசுஃப் மாஸ்டரிடம் வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"மேடம், அவன் ரேஸ்ல வளந்தவன். மேல குந்துனவன் வார இறுக்கிப் புடிச்சா, அவனுக்கு அது 'போ'. லூசா வுட்டா 'போதும்'. நீங்க நிறுத்து நிறுத்துன்னு இழுக்கிறீங்க. அவன் 'சரி, போறேன் போறேன்'னு ஓடிக்கினு கீறான்."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? டெய்லி கத்துனேனே, கையி லூசு, கையி லூசுன்னு?"

கத்தியிருக்கிறார். பரதநாட்டிய வகுப்பில் முதுகை நிமிர்த்தச் சொல்வதுபோல, பார்வைக்கு நன்றாக இருக்கச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"அன்னைக்கு 'புடி'ன்னு கத்தினதுல உங்க குரலும் இருக்கு மாஸ்டர்."

அவர் வீடியோவைக் காதருகே வைத்து மறுபடி ஓடவிட்டார். தன் குரலைக் கேட்டதும் முகம் மாறியது. "அட அல்லா," என்றார். "பழக்கம் மேடம். எவனாச்சும் வுழப் போனா வாயில 'புடி'ன்னுதான் வருது. நாப்பது வருசமா குதிர பாக்கறேன். வாயி மட்டும் பஸ்ல ஏறுற ஆளு வாயாவே கீது."

கோபப்படத்தான் போனேன். பக்கத்தில் நின்ற சேகர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். பாபு வாலை வீசிக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்ததும் பயம் போய்விடவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. அறிவுக்கு ஒரு நொடியில் புரிந்தது கைக்குப் புரியவே இல்லை. கைக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். பயந்தால் இறுக்கும். லஸ் முனைப் போக்குவரத்தில் அதுதான் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. அதைத் தப்பென்று கையிடம் எப்படிச் சொல்வது?

யூசுஃப் மாஸ்டர் ஒரு வழி செய்தார். லாயத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார். என் கையில் வார்களைக் கொடுத்து, மறுமுனைகளைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார்.

"நான்தான் பாபு. நான் இழுப்பேன். நீங்க வுடணும்."

இழுத்தார். நானும் இழுத்தேன்.

"வுடுங்க மேடம், வுடுங்க. என்ன ரேசுக்கு அனுப்பறீங்க."

"இவளவிட பாபு சொன்ன பேச்சு கேக்கும் மாஸ்டர்," என்றார் சேகர்.

"நீங்க வந்து குந்துங்க சார், தெரியும்."

பல காலைகள் அந்த நாற்காலியில் போயின. வீட்டிலும் ஜன்னல் கம்பியில் ஒரு துண்டைக் கட்டி, சேகரை எதிர்பாராமல் இழுக்கச் சொன்னேன். திவ்யாவிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை மாசம் இறுக்கச் சொல்லிக் கொடுத்தேன் மேம். இப்ப விடறதுக்கு எக்ஸர்சைஸ் கேக்கறீங்க." ஆனாலும் ஒன்று சொல்லிக்கொடுத்தார்: இறுக்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது, மூச்சை வெளியே விட்டால் விரலும் கூடவே திறக்கும். எளிமையான விஷயம். செய்யத்தான் முடியவில்லை. பத்தில் எட்டு முறை தோற்றேன். சில நாள் துண்டைக் கழற்றி வீசினேன். ஒருநாள் அதை எடுத்து மடித்துக்கொண்டே சேகர், "நாளைக்கு நான் இழுக்கணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு," என்றார். இழுக்கச் சொன்னேன்.

மழைக்காலத்துக்கு முன் பாபுவின் மேல் ஏறினேன். கால் அன்றும் ஆடியது. ஆடட்டும் என்று ஏறினேன். ஏறிய பிறகு உயரம் நினைவில் இருந்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. யூசுஃப் மாஸ்டர் ஒரு நீளக் கயிற்றைக் குதிரையின் தலைக்கட்டில் மாட்டி நடுவில் நின்றுகொண்டார். நடை, நடை, நடை. இப்படியே சில வாரங்கள். எலும்பு மருத்துவர் சம்மதித்த பிறகு ஒரு காலை மாஸ்டர், "டிராட் போலாமா?" என்றார். போகலாம் என்றேன்.

பாபு துள்ளத் தொடங்கியது. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில், நான் விழுந்த அந்தத் திருப்பம் வந்தது. கைகள் நெஞ்சுக்கு வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன். குதிரையின் தோள்கள் நீண்டன. வேலியின் ஓரத்தில் சேகர் வாயைத் திறந்து, தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டதும் தெரிந்தது. யாரும் கத்தவில்லை.

மூச்சை வெளியே விட்டேன். விரல்கள் உடனே திறக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தன. சுண்டுவிரல் கடைசி. வார் தளர்ந்து குதிரையின் கழுத்தில் தொங்கியது. பாபு இரண்டு எட்டு ஓடியது. பிறகு நடந்தது. பிறகு நின்று, மூக்கால் சத்தமாக மூச்சுவிட்டது.

"போதும்னு சொல்லிட்டீங்க," என்றார் யூசுஃப் மாஸ்டர்.

நான் குணமாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஈரமான நாட்களில் மணிக்கட்டுத் தகடு தன் இருப்பைச் சொல்கிறது. படியில் இறங்கும்போது கைப்பிடியில் ஒரு விரல் இன்னும் போகிறது. ரங்கநாதன் தெருவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், ரவிக்கையை வாங்கிவந்தேன். இளைத்திருந்ததால் அது பொருந்தவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பயமும் கையும் ஒரே நொடியில் நடந்தன. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஒரு மூச்சு போய்வரும் அளவு. அந்த இடத்தில் நின்று, பிடிப்பதா விடுவதா என்று பார்க்க முடிகிறது. விழுவதற்கு முன் என் உடம்பில் அப்படி ஒரு இடம் இருந்ததில்லை.

டிராட் முடித்த அன்று மாலை, மாடிப்படியின் கீழே தூசி படிந்து நின்ற ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்தேன். கூட வரட்டுமா என்று சேகர் கேட்டார். வேண்டாம் என்றேன். மாட வீதியைச் சுற்றிக்கொண்டு லஸ் பக்கம் போனேன். சிக்னலில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. அந்தச் சின்ன இடம் அங்கேயும் வந்தது. மூச்சை வெளியே விட்டேன். விரல்கள் திறந்தன.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, பிரேக்கு புடிக்கத் தெரியாதா?"

இறங்கிப் பார்த்தேன். ஆட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஸ்கூட்டரின் முன் மட்கார்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது.